டக், டிங்: பட்டன் எப்போ சத்தம் போடணும்?

இன்னைக்கு எபிசோடு பட்டனைப் பத்தி. சட்டைப் பட்டன் இல்லீங்க, வெப் பேஜ்ல இருக்கிற பட்டன். அதை அமுத்தினா சத்தம் வரணுமா, வந்தா எந்த நேரத்துல வரணும், எப்படிப்பட்ட சத்தமா இருக்கணும். கேட்கிறதுக்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

நான் கோயமுத்தூர்ல, சரவணம்பட்டி பக்கம் ஃப்ரன்ட் எண்டு வேலை பார்க்கிறவன். வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராவது கேட்பாங்க: "தம்பி, பட்டனைத் தொட்டா ஒரு சவுண்டு வர்ற மாதிரி போட்டு விடுங்க, கெத்தா இருக்கும்." போட்டுத் தரலாம். பத்து நிமிஷ வேலை. ஆனா கெத்துக்காகப் போட்ட சத்தம் மூணாவது நாள் எரிச்சலாகி, நாலாவது நாள் "அதை எடுத்துடுங்க"ன்னு போன் வரும். சத்தம் தப்புன்னு இல்லை. அந்தச் சத்தம் என்ன சேதி சொல்லுதுன்னு யாரும் யோசிக்கலை.

ஒரு பட்டன் சத்தம் ரெண்டு சேதியில ஏதாவது ஒண்ணைச் சொல்லலாம். "உங்க விரல் பட்டுச்சு"ங்கிறது ஒண்ணு. "நீங்க கேட்ட வேலை முடிஞ்சுது"ங்கிறது இன்னொண்ணு. கோடு எழுதுறவனுக்கு ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வரி. நிஜத்துல அந்த ரெண்டு வரிக்கு நடுவுல வைஃபை இருக்குது, சர்வர் இருக்குது, டேட்டாபேஸ் இருக்குது. எதுவும் எப்ப வேணா படுத்துக்கும். பல சைட்டுல என்ன பண்ணியிருப்பாங்கன்னா, சத்தத்தை முதல் வரியில வெச்சிருப்பாங்க. ஆனா கேட்கிறவங்க காதுக்கு அது ரெண்டாவது சேதி மாதிரி இருக்கும். விரல் பட்ட உடனே "டிங்!" வேலை ஆயிடுச்சுபோலன்னு அவங்க நகர்ந்துடுவாங்க.

இதைப் புரிஞ்சுக்க டெக் கம்பெனிக்கெல்லாம் போக வேண்டாம். காலையில பேக்கரிக்குப் போங்க. வெளியூர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: கோயமுத்தூர்ல பேக்கரின்னா கேக் கடை மட்டும் இல்லை. டீ, காபி, பன், பப்ஸ், அரட்டை எல்லாம் அங்கதான். டீ மாஸ்டருக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கும். பத்துப் பேர் நிக்கிறாங்க, எல்லாரும் கியூஆர் ஸ்கேன் பண்ணிட்டு போனை நீட்டிக் காட்டுறாங்க. அவர் எந்த ஸ்கிரீனையும் பார்க்கிறதில்லை. கல்லா மேல இருக்கிற சவுண்டு பாக்ஸ் "இத்தனை ரூபாய் பெறப்பட்டது"ன்னு சொன்னா கிளாஸ் கைக்கு வரும்.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. பணம் அனுப்பினவர் போன்லயும் சத்தம் வரும், பச்சை டிக் வரும். மாஸ்டர் அதை நம்புறதில்லை. நம்பக் கூடாதுங்கிறதுக்குக் காரணமும் உண்டு. அச்சு அசலா அதே மாதிரி ஸ்கிரீனும் சத்தமும் காட்டுற போலி ஆப்களை வெச்சு கடைக்காரங்களை ஏமாத்தினது நாட்டுல பல இடத்துல நடந்திருக்கு. சவுண்டு பாக்ஸ் அந்த போனோட பேசுறதே இல்லை. அதுக்குள்ள தனியா ஒரு சிம் கார்டு. பணம் வந்து சேர்ந்ததை பேமென்ட் கம்பெனியோட சர்வர் உறுதி பண்ணி, அந்தச் சேதி அந்த சிம் வழியா வந்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். ஒரே பரிமாற்றத்துக்கு ரெண்டு சத்தம். ஒண்ணு அனுப்பினவர் பக்கத்துச் சத்தம், இன்னொண்ணு முடிவோட சத்தம். ஊரே ரெண்டாவதைத்தான் நம்புது.

இன்னொரு உதாரணம், உங்கள்ல நிறைய பேர் ஏற்கெனவே விரல் வெச்சது. ஓட்டு மிஷின். இந்தியாவுல முதல்முதலா 1982-ல கேரளாவுல பரவூர் தொகுதியில 50 பூத்துல அதை வெச்சுப் பார்த்தாங்க. தமிழ்நாட்டுல 2001 சட்டமன்றத் தேர்தல்ல எல்லாத் தொகுதியிலயும் வந்தது. மறைவுக்குள்ள நீங்க நீல பட்டனை அமுத்துறீங்க. சின்னத்துக்கு நேரா சிவப்பு விளக்கு எரியுது. விவிபேட் கண்ணாடிக்குள்ள சீட்டு 7 நொடி தெரியுது. அப்புறம் அந்த நீள "பீப்". அது ஓட்டுப் பதிவாச்சுங்கிறதுக்கான சத்தம். சீட்டு தெரியலை, பீப் கேட்கலைன்னா அதிகாரிகிட்ட சொல்லுங்கன்னு தேர்தல் ஆணையம் போஸ்டரே அடிச்சு ஒட்டுது. அந்தச் சத்தம் உங்களுக்கு மட்டும் இல்லைங்கிறதும் அழகு. மேசையில உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கும், பெஞ்சுல இருக்கிற ஏஜென்ட்டுகளுக்கும் கேட்கணும். யாருக்குப் போட்டீங்கன்னு தெரியாது, போட்டீங்கன்னு மட்டும் தெரியும். ஒரு பீப்புக்குள்ள எவ்வளவு யோசனை பாருங்க.

வெப்புக்கு வருவோம். இங்க இந்த யோசனை ஏன் வரலைன்னா, பட்டன் சத்தம் வெப்புக்குள்ள வந்த வழி அப்படி. ஃபிளாஷ் காலம். ஃபிளாஷ்ல ஒரு பட்டன் செஞ்சா அதுக்கு நாலு ஃபிரேம் இருக்கும்: அப், ஓவர், டவுன், ஹிட். ஓவர் ஃபிரேம்ல ஒரு சத்தத்தை இழுத்துப் போட்டுட்டா மவுஸ் மேல போனாலே கத்தும். டவுன்ல போட்டா அமுத்தும்போது கத்தும். நாலாவது ஃபிரேம் தொடுற பரப்பு எதுன்னு மட்டும் சொல்லும். "வேலை முடிஞ்சுது"ன்னு ஒரு ஃபிரேமே கிடையாது! டூல் எதைச் சுலபமா தருதோ அதைத்தான் ஊரே செய்யும். மெனு மேல மவுஸை ஒரு இழுப்பு இழுத்தா ட்ர்ர்ர்ர்னு ஆர்மோனியம் மாதிரி வாசிக்கும். ஆபீஸ்ல பாஸ் திரும்பிப் பார்ப்பார். 2020 டிசம்பர் 31-ஓட ஃபிளாஷை அடோபி நிறுத்திடுச்சு, ஆனா அந்தப் பழக்கம் இன்னும் போகலை.

பிரவுசர்காரங்களும் பொறுத்துப் பார்த்துட்டு கதவைச் சாத்திட்டாங்க. 2018 ஏப்ரல்ல குரோம் 66 வந்தப்போ, பயன்படுத்துறவர் எதையாவது தொடாம பேஜ் தானா சத்தம் போட முடியாதுன்னு விதி வந்தது. அதுல பல வெப் கேம்கள் ஊமையாயிடுச்சு. டெவலப்பர்கள் சண்டை போட்டதுல வெப் ஆடியோவுக்கு மட்டும் மே மாசம் விதியைத் திரும்ப எடுத்தாங்க, டிசம்பர்ல குரோம் 71-ல மறுபடியும் கொண்டு வந்தாங்க. கிளிக், கீபோர்டு, தொடுறது இதெல்லாம் அனுமதிக் கணக்குல வரும். மவுஸைச் சும்மா மேல கொண்டு போறதும், ஸ்க்ரோல் பண்றதும் வராது. அதனால ஹோவர் சத்தம் போட்டு வெச்சிருந்தா, முதல் கிளிக் வரைக்கும் சத்தமே வராது, அப்புறம் திடீர்னு வரும். சீக்கிரம் அதை விட்டுடுங்க. போன்ல ஹோவரே கிடையாது.

சரி, இப்போ நான் நேர்ல பார்த்த ஒரு கதை. திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட். பேர் வேண்டாம். பேக்கிங் செக்சன்ல அட்டைப் பெட்டி ஒவ்வொண்ணா வரும். மேல பார்கோடு. ஸ்கேனர்ல காட்டினா டேப்லெட்ல அந்த வெப் பேஜ்ல நம்பர் விழும். அப்புறம் பெருசா "சேர்" னு ஒரு பச்சை பட்டன். அதை அமுத்தினா அந்தப் பெட்டி பேக்கிங் லிஸ்ட்ல ஏறணும். பெட்டி ரோலர்ல உருண்டு லோடிங் பக்கம் போயிடும். வேற யாரோ செஞ்ச சாஃப்ட்வேர். பட்டனை அமுத்தினா நல்ல கணீர்னு ஒரு "டிங்".

பிரச்சனை என்னன்னா, லிஸ்ட்டுக்கும் லோடுக்கும் கணக்கு ஒத்து வரலை. தூத்துக்குடிக்கு லாரி கிளம்பணும், பெட்டி எண்ணினா ஒரு கணக்கு, லிஸ்ட் சொல்றது வேற. ராத்திரி ஏத்தின பெட்டியெல்லாம் இறக்கி மறுபடி எண்ண வேண்டியது. பழி யார் மேலன்னு சொல்லணுமா? ஸ்கேன் பண்ற அக்கா மேலதான். "கவனமில்லை, பேசிட்டே வேலை செய்யுறாங்க"ன்னு சூப்பர்வைசர் முடிவே பண்ணிட்டார். ஆளை மாத்திடலாம்கிற பேச்சு வரைக்கும் போயிடுச்சு.

என்னைக் கூப்பிட்டது பேஜ் மெதுவா இருக்குதுன்னு பார்க்கிறதுக்கு. நான் அந்த அக்கா பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அவங்க வேலை அவ்வளவு சுத்தம். ஒரு பெட்டி கூட விடலை. என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "தம்பி, நான் ஒவ்வொரு பெட்டிக்கும் மணி கேட்டுட்டுத்தானுங்க தள்ளுறேன். மணி அடிக்காம ஒண்ணு கூடத் தள்ளினதில்லைங்க."

உண்மைதான். ஒவ்வொரு பெட்டிக்கும் மணி அடிச்சுது. தகரக் கூரை போட்ட ஷெட், வைஃபை அப்பப்போ விட்டு விட்டு வரும். நெட் இல்லாத நேரத்துலயும் பட்டனைத் தொட்டா "டிங்". ஏன்னா சத்தம் கிளிக்ல கட்டியிருக்கு, சேவ் ஆனதுல கட்டலை. சேவ் ஆகலைன்னா ஸ்கிரீனோட அடியில சின்னதா சிவப்பு எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி வரும், ரெண்டு நொடியில மறைஞ்சுடும். அவங்க கண்ணு பெட்டி மேல. அது நியாயம்தானே, பெட்டியைப் பார்க்கிறதுதான் அவங்க வேலை. காதைத்தான் அவங்க ஸ்கிரீனுக்குக் கொடுத்திருந்தாங்க. அந்தக் காதுகிட்ட பேஜ் பொய் சொல்லிட்டிருந்தது.

இதுல இன்னொரு குழப்பம், கையில இருக்கிற ஸ்கேனரும் தனியா ஒரு "பீப்" போடும். அதுக்கு அர்த்தம் பார்கோடைப் படிச்சேன்கிறது மட்டும். பெட்டி லிஸ்ட்ல ஏறினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆக ஒரு பெட்டிக்கு ரெண்டு வெற்றிச் சத்தம், ரெண்டும் வெற்றி நடக்கிறதுக்கு முன்னாடி.

மாத்தினது இப்படி. விரல் பட்டதும் ஒரு சின்ன, வறண்ட "டக்". மரத்துல நகத்தால தட்டின மாதிரி. இது வேண்டாம், நேரா முடிவுக்கு மட்டும் சத்தம் போடலாம்னுதான் முதல்ல பேச்சு வந்தது. ஆனா தொட்டும் ஒண்ணும் நடக்கலைன்னா மனுசன் மறுபடி தொடுவான், அது கை வாக்கு. தொட்டதுக்கு உடனே ஒரு பதில் வேணும், நூறு மில்லி செகண்டுக்குள்ள. அதைத் தாண்டினா பிந்தி வர்றது காதுக்குத் தெரியும். அப்புறம் சர்வர் "ஏத்திட்டேன்"னு பதில் சொன்ன பிறகு மட்டும் "டிங்". நாலு நொடிக்குள்ள பதில் வரலைன்னா வேற ஒரு சத்தம், அதைப் பத்திக் கடைசியில சொல்றேன். ரெண்டு தடவை தட்டினாலும் ஒரே பெட்டி நம்பரை சர்வர் ஒரு தடவைதான் எடுத்துக்கும்.

ரெண்டே நாள்ல அக்காவோட கை அந்தத் தாளத்துக்குப் பழகிடுச்சு. டக், டிங், தள்ளு. டக், டிங், தள்ளு. ஒரு தடவை நெட் போச்சு. டக்... கை பெட்டி மேலயே நின்னுடுச்சு. ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை, கை நின்னுடுச்சு.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது புதுசில்லை. ஒருத்தரே நாலு தறி, ஆறு தறி பார்ப்பாங்க. ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுடும். அந்த டடக் டடக்ல ஒரு தறியோட சத்தம் குறைஞ்சா, முதுகு காட்டி நிக்கிறவங்க கூட சரியா அந்தத் தறிக்குத் திரும்புவாங்க. சத்தம் இல்லாததும் ஒரு சேதி. ஆனா எப்பவும் ஒழுங்கா வர்ற சத்தம் ஒண்ணு இருந்தாத்தான் அது வராதது தெரியும்.

கொஞ்சம் டெக்னிக்கலா சொல்லிடறேன், செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு. காதுல கோடு படிச்சுக் காட்ட முடியாது, அதனால வழியை மட்டும். ஆடியோ டேகை வெச்சு பிளே கொடுக்கிறது சுலபம். ஆனா முதல் சத்தம் முடியறதுக்குள்ள ரெண்டாவது கிளிக் வந்தா அது ஏற்கெனவே ஓடிட்டிருக்கும், புதுசா எதுவும் கேட்காது. வெப் ஆடியோ நல்லது. பேஜுக்கு ஒரே ஒரு ஆடியோ கான்டெக்ஸ்ட். முதல் தொடுதல்ல அதை ரெஸ்யூம் பண்ணுங்க. இந்த ஸ்கேனர் கீபோர்டு மாதிரி நம்பரை டைப் பண்ற வகை, அதனால காலையில முதல் ஸ்கேனே பிரவுசர் பூட்டைத் திறந்துடுச்சு, தனியா ஒரு "தொடங்கு" பட்டன் தேவைப்படலை. சத்தத்தை ஒரு தடவை டீகோடு பண்ணி பஃபர்ல வெச்சுக்கங்க. ஒவ்வொரு தடவையும் புது சோர்ஸ் நோடு. ஒரு நோடை ஒரு தடவைதான் ஸ்டார்ட் பண்ண முடியும், பலர் அங்கதான் மண்டையை உடைச்சுக்கிறாங்க.

ஃபைல் எம்பி3-யா வேண்டாம். அந்த ஃபார்மட் ஆரம்பத்துல ஒரு சின்ன மௌனத்தைச் சேர்த்துடும். பாட்டுக்கு அது பரவாயில்லை, கிளிக்குக்கு ஒத்து வராது. வேவ் ஃபைல் போதும். 200 மில்லி செகண்டு மோனோ சத்தம், 44,100 சாம்பிள், 16 பிட்டுன்னா 17,640 பைட்டு. நீங்க போடுற லோகோ இதைவிடப் பெருசா இருக்கும். ஃபைலே இல்லாம ஆசிலேட்டர்ல கூட செய்யலாம். சத்தத்தைத் திடீர்னு நிறுத்தினா ஒரு கரகர டிக் வரும், அதனால மெதுவா இறக்குங்க. எக்ஸ்பொனென்ஷியல் ராம்ப்ல இலக்கா சுழியம் கொடுத்தா எர்ரர் வரும், ஒரு குட்டி எண் கொடுங்க.

எந்தச் சுருதிங்கிறதை லேப்டாப்ல உட்கார்ந்து முடிவு பண்ணாதீங்க. அந்த ஹால்ல ஃபேன் ஓடுது, அயர்ன் பாக்ஸ் உஸ்ஸுங்குது, பெட்டிக்கு டேப் ஒட்டும்போது கீச்சுனு ஒரு கிழிசல் சத்தம். ரொம்ப மேல போனா அந்த டேப் விழுங்கிடும். ரொம்பக் கீழே போனா டேப்லெட் ஸ்பீக்கர்ல வெளியவே வராது. நடுவுல 900, 1,800 ஹெர்ட்ஸ் பக்கம் வெச்சோம். ஹால்லயே நின்னு, டேப் கிழிக்கச் சொல்லிக் கேட்டுத்தான்.

இதே சத்தத்தைக் கொண்டு போய் ஒரு ஷாப்பிங் சைட்ல போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்கிரீனை முகத்துக்கு நேரா வெச்சுப் பார்க்கிறவருக்குச் சத்தம் பெருசா தேவையில்லை. காந்திபுரத்துல பஸ்ல நின்னுட்டு ஒருத்தர் பில் கட்டுறார், ஒவ்வொரு தொடுதலுக்கும் டிங் டிங்னா பக்கத்து சீட்டுக்காரர் என்ன பாவம் பண்ணினார்? ப்ளூடூத் இயர்பட்ல சத்தம் பிந்தித்தான் வரும், தொட்டதுக்கும் கேட்டதுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி. ஐபோன்ல சைலன்ட் சுவிட்சு போட்டிருந்தா வெப் ஆடியோ பெரும்பாலும் வராது. காது கேட்காதவருக்கு எப்பவுமே வராது. அதனால சத்தம் சொல்றதை எழுத்தும் சொல்லணும், அந்த சிவப்பு வரி மாதிரி ஓடி ஒளியாம. பார்வை இல்லாதவர் என்விடிஏ மாதிரி ஸ்கிரீன் ரீடர்ல கேட்டுட்டிருப்பார், தமிழ்லயே அது படிக்கும். அந்தக் குரல் மேல நம்ம டிங் போய் விழுந்தா ரெண்டும் புரியாது. அனிமேஷன் வேண்டாம்னு ஒருத்தர் செட்டிங் வெச்சிருந்தா அதை பேஜ் தெரிஞ்சுக்க பிரவுசர்ல வழி இருக்குது, சத்தம் வேண்டாம்ங்கிறதுக்கு அப்படி ஒண்ணு இல்லை. அதை நாமதான் பேஜ்லயே, கண்ணுல படற மாதிரி, ஒரு தடவை அணைச்சா அணைஞ்சே இருக்கிற மாதிரி வைக்கணும்.

அந்த மூணாவது சத்தத்தைச் சொல்றேன்னு சொன்னேன். சேவ் ஆகலைன்னா வர்ற சத்தம். நான் முதல்ல வெச்சிருந்தது வழக்கமான "பேஏஏ"ங்கிற பஸ்ஸர், டிவி ஷோவுல தப்பு விடைக்கு வருமே அது. அக்கா கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. மதியம் டீ நேரத்துல, யாரும் பக்கத்துல இல்லாதப்போ வந்து சொன்னாங்க: "கண்ணு, இந்தச் சத்தத்தை மட்டும் மாத்திக் குடு சாமி. நெட்டு போனா அது அடிக்குது, ஹாலே என்னைத் திரும்பிப் பார்க்குது. நான் என்னவோ தப்புப் பண்ணின மாதிரி."

மாத்தியாச்சு. இப்போ அது ரெண்டு மெல்லிய சுரம், கீழே இறங்குற மாதிரி, "டிங்" எவ்வளவு சத்தமோ அதே அளவு. ஹால்ல வேற யாருக்கும் அது என்னன்னு தெரியாது. அவங்களுக்குத் தெரியும். பெட்டியை ஓரமா வெச்சுட்டு அடுத்ததை எடுப்பாங்க. நெட் வந்ததும் ஓரத்துல இருக்கிறதை முதல்ல அடிப்பாங்க. அந்த யூனிட்ல அவங்கதான் இன்னைக்கும் ஸ்கேன் பண்றாங்க.

அவ்வளவுதானுங்க இந்த எபிசோடு. அடுத்ததுல பார்க்கலாம், வரட்டுங்களா.